பிள்ளை போனை மறைக்கும்போது

வயலால் வந்து திண்ணையில் இருக்கும்போது மகன் போனைக் கவிழ்த்து வைக்கிறான். என்னவென்று கேட்டால், "ஒன்றுமில்லை அம்மா" என்கிறான். பெற்றார் பலர் இதைச் சொல்லிக் கவலைப்படுகின்றனர்.

இந்தப் போன் வீட்டுக்கு வந்த வழியை முதலில் நினைத்துப் பார்ப்போம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. நெல் விற்ற காசிலோ நகையை அடகு வைத்தோ நாமே வாங்கிக் கொடுத்தோம். சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்ற பிள்ளைகளையும் கண்டோம். பாடசாலை திறந்த பின்னர் போனைத் திருப்பி வாங்க எவராலும் முடியவில்லை.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை தனக்கென்று சில விடயங்களை வைத்துக்கொள்ளத் தொடங்குவது வளர்ச்சியின் இயல்பு. எமக்கு அது கூடுதலாகச் சுடுவதற்குக் காரணம் உண்டு. 2009 வரை பிள்ளைகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்கள் நாம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் பிள்ளை கண்ணை விட்டு மறைந்தால் நெஞ்சு பதறியது. 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டாலும் அந்தப் பதற்றம் எம்மோடு காணிக்கு வந்துவிட்டது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு இது தெரியாது. கதவைச் சாத்தினால் ஏன் கத்துகிறீர்கள் என்றே கேட்கும்.

பேச்சும் விளங்குவதில்லை என்கிறார்கள். "செம", "கெத்து", "மொக்கை" என்பன தமிழ்நாட்டுச் சினிமாவாலும் யூரியூப்பாலும் வந்த சொற்கள். நாம் "சுழட்டுறான்" என்று கதைத்தது எங்கள் தாய் தகப்பனுக்கு விளங்கியதா? எழுத்துக்கெழுத்து 'க' சேர்த்துப் பேசிய 'க' பாஷையை யார் பழக்கினார்கள்? விளங்காத சொல்லைப் பிள்ளையிடமே கேட்டால் சிரித்துக்கொண்டு சொல்லித்தரும். அதற்காக நாமும் அப்படிக் கதைக்கப் போகத் தேவையில்லை, பிள்ளை வெட்கப்படும்.

போனைப் பறித்துப் பார்ப்பதால் பயன் உண்டா? சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் ஸ்ராற்றின், கேர் என்ற இருவர் எழுதினர். பெற்றாருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கண்காணித்து அறிந்தது அல்ல, பிள்ளை தானாகச் சொன்னது என்பதே அவர்கள் கண்டது. அடிக்குப் பயந்த பிள்ளை இன்னொரு கணக்கைத் திறக்குமே தவிர வாய் திறக்காது.

ஆனால் எல்லா மறைப்பும் ஒன்றல்ல. நித்திரை, சாப்பாடு குறைந்து, போன் அடித்தால் நடுங்கி, காரணம் சொல்லாமல் காசு கேட்டால் உடனே கவனிக்க வேண்டும். பிள்ளையின் படம் ஒன்றை வைத்துக்கொண்டு யாரோ மிரட்டலாம். அப்போது அந்த ஆளைவிடத் தகப்பனுக்கே பிள்ளை கூடப் பயப்படும். ஏச்சை விட்டுவிடுங்கள். காசு அனுப்ப வேண்டாம். வந்த செய்திகளை அழிக்கவும் வேண்டாம், அவை சாட்சி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் கதைக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவிலும் முறையிடலாம். போகும்போது தாயோ தகப்பனோ பிள்ளையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.