பரணில் தூங்கும் கணினி



அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறது செயின்ட் பால் நகரம். வியட்நாம் போர் முடிந்த 1975-க்குப் பிறகு லாவோஸ் நாட்டிலிருந்து அகதிகளாக வந்த மோங் இன மக்கள் ஏராளமாக வாழும் ஊர் அது. அவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் உருவானதுதான் 'ஏசியன் பென்குயின்ஸ்' மாணவர் குழு. பென்குயின், லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னம்.

பிறர் நன்கொடையாகத் தரும் பழைய கணினிகளை இந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் சீர்செய்து, லினக்ஸை நிறுவினார்கள். பிறகு, கணினி இல்லாத சக மாணவர்களின் குடும்பங்களுக்கு அவற்றைக் கொடுத்துவிட்டார்கள்.

பழைய கணினி மெதுவாக ஓடினால் அது கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. ராம் நினைவகத்தைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி சேமிப்பகம் பொருத்தினால் பல கணினிகள் மறுபடி சுறுசுறுப்பாகிவிடும். லினக்ஸில் திறன் குறைந்த கணினியிலும் ஓடும் வகைகள் உண்டு. உரிமக் கட்டணமும் கிடையாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகளுக்கும் லினக்ஸ் மறுவாழ்வு தரும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கணினி தூங்குகிறதா? எடைக்குப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். அதிலுள்ள சொந்தத் தகவல்களை முழுவதுமாக அழித்துவிட்டு, அருகிலுள்ள பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளையின் படிப்புக்கு அது உதவும்.