அறுபுள்ளித் தரைவண்டின் வகைப்பாடும் வாழ்வியலும்: மதுரைச் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பறக்கும் ஆற்றலை இழந்த அறுபுள்ளித் தரைவண்டு, இந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் வேட்டைப் பூச்சியாகும். அதன் வகைப்பாடு, உடலமைப்பு, தற்காப்பு முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வறண்ட நிலத்தில் வாழ்வதற்குத் துணைநின்ற பறவாமை என்னும் பண்பே, நிலம் துண்டாடப்படும்போது அவ்வுயிருக்கு இடராக மாறுகிறது என்பது கட்டுரையின் மையக்கருத்து.

முதன்மைச் சொற்கள்: தரைவண்டு, பறவாமை, புதர்க்காடு, போலித்தோற்றம், வாழிடத் துண்டாடல்.

முன்னுரை

தரையில் ஊரும் சிற்றுயிர்களைக் கூர்ந்து நோக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. மழைக்குப்பின் முல்லை நிலத்தில் ஊரும் மூதாயை அகநானூற்றுப் புலவர்கள் நிறத்தாலும் பருவத்தாலும் இனங்கண்டு பாடியுள்ளனர். தம்பலப்பூச்சி என இன்று வழங்கும் அவ்வுயிர் எட்டுக் கால்களைக் கொண்ட சிலந்தி வகுப்பைச் சார்ந்தது; பூச்சியன்று. அதே செம்மண் நிலங்களுக்குரிய ஆறுகால் வேட்டையுயிரான தரைவண்டு அத்துணை அறியப்படவில்லை.

மதுரைக்கு வடமேற்கே வைகைப் படுகையை ஒட்டி அமைந்தது சமயநல்லூர். ஆற்றுப்பாசன வயல்கள், மானாவாரிப் புன்செய்கள், தெற்கே நாகமலைக் குன்றுத்தொடர் என மூவகை நிலங்கள் இங்கு அருகருகே அமைந்துள்ளன. மதுரை – திண்டுக்கல் இருப்புப்பாதையும் நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியே செல்கின்றன. பறவாத வண்டொன்றின் வாழ்வை விளங்கிக்கொள்ள இத்தகைய நிலப்பரப்பு தக்க எடுத்துக்காட்டாகும்.

வகைப்பாடு

உலகில் ஏறத்தாழ 40,000 இனங்களைக் கொண்ட கராபிடே குடும்பத்தில் இவ்வண்டு அடங்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யோகான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியசு 1775ஆம் ஆண்டு இதனைக் கராபசு என்னும் பேரினத்தில் வைத்து விவரித்தார். 1801இல் வெபர் ஆந்தியா என்னும் பேரினத்தை நிறுவியபின், இது ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா எனப் பெயர் பெற்றது. இனப்பெயருக்கு இலத்தீன் மொழியில் ‘ஆறு துளிகளை உடையது’ என்பது பொருள். ஆந்தியா பேரினத்தின் இனங்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களுக்கு உரியவை. அவற்றின் உறவினமொன்று தென்னிந்தியப் புதர்நிலங்களிலும் வாழ்வது உயிர்ப்புவியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கது.

உடலமைப்பும் பறவாமையும்

முதிர்ந்த வண்டு ஏறத்தாழ 4 செ.மீ. நீளமுடையது. கருநிற உடலில் முன்மார்பின் மேல் இரண்டும், முன்னிறகுகளின் மேல் நான்குமாக ஆறு வெண்புள்ளிகள் காணப்படும். நீண்ட கால்கள் விரைந்து ஓடவும், முன்னோக்கி நீண்ட வலிய தாடைகள் இரையைப் பற்றிக் கிழிக்கவும் பயன்படுகின்றன.

பொதுவாக வண்டுகளின் கடினமான முன்னிறகுகள் உறைபோல் மூடியிருக்க, அவற்றின்கீழ் மடிந்துள்ள மென்மையான பின்னிறகுகளே பறத்தலுக்கு உதவுகின்றன. ஆந்தியா வண்டுகளிலோ முன்னிறகுகள் இரண்டும் நடுக்கோட்டில் இணைந்து ஒரே கவசமாகிவிட்டன. எனவே அவை விரிவதில்லை.

இவ்விழப்புக்குக் காரணம் யாது? மதீராத் தீவின் 550 வண்டினங்களுள் 200 இனங்கள் பறக்க இயலாதவை என்பதை டார்வின் 1859இல் சுட்டினார். பறப்பவை காற்றால் கடலுக்கு அடித்துச் செல்லப்பட, பறவாதவை எஞ்சின என்பது அவர் தந்த விளக்கம். கடல் சூழாத சமவெளிக்கு அது பொருந்தாது. இங்கு வேறு இரு காரணங்கள் கருதத்தக்கன. முதலாவது, ஆற்றல் சிக்கனம். பறத்தலுக்குரிய தசைகளை வளர்க்கவும் பேணவும் மிகுந்த உணவாற்றல் தேவை; நிலையான வாழிடத்தில் அவ்வாற்றலை முட்டையாக்கத்திற்குச் செலவிடுவது ஆதாயமாகும். இரண்டாவது, நீர்ச்சேமிப்பு. வறண்ட நிலத்து வண்டுகளில் இணைந்த முன்னிறகுகளின்கீழ் மூடிய காற்றறை ஒன்று உருவாகிறது. வயிற்றுப்பகுதியின் மூச்சுத்துளைகள் அவ்வறைக்குள் திறப்பதால் உடல்நீர் ஆவியாவது குறைகிறது.

தற்காப்பும் போலித்தோற்றமும்

பறந்து தப்ப இயலாத உயிருக்கு வேறு காப்பு தேவை. ஆந்தியா வண்டுகளின் வயிற்று முனைச் சுரப்பிகளிலிருந்து ஃபார்மிக் அமிலம் கலந்த நீர்மம் பீய்ச்சப்படுகிறது. அது கண்ணில் பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும். ஆதலின் முகத்தருகே வைத்து நோக்குதல் தகாது. கருமையும் வெண்மையும் கலந்த நிறம் பகையுயிர்களுக்கு எச்சரிக்கையாகிறது.

அவ்வெச்சரிக்கையைப் பிற உயிர்களும் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆப்பிரிக்கக் கலகாரி நிலத்துப் பல்லி இனமொன்றின் குஞ்சுகள், கருநிற உடலோடும் வளைந்த முதுகோடும் நடந்து, இவ்வகை வண்டுகளைப் போலத் தோன்றுகின்றன என்பதை ஹியூயி, பியங்கா ஆகிய இருவரும் 1977இல் வெளிப்படுத்தினர். குஞ்சுகள் வண்டின் அளவைக் கடந்து வளர்ந்ததும் மணல்நிறத்துக்கு மாறிவிடுகின்றன. தென்னிந்தியப் புதர்க்காடுகளில் தீரியா பெட்டிவெரியானா என்னும் எழுபுள்ளிக் கரப்பான் அறுபுள்ளி வண்டைப் போலி செய்வதாகக் கருதப்படுகிறது. 1758இல் லின்னேயசு அக்கரப்பானை வண்டுப் பேரினம் ஒன்றிலேயே சேர்த்திருந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. கரப்பானின் உடல் வட்டமானது. தலை முன்மார்புக்கு அடியில் மறைந்திருக்கும். வண்டின் தலையும் தாடைகளும் வெளியே நீண்டிருக்கும். இவ்வேறுபாடுகளைக் கொண்டு இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

வாழிடத் துண்டாடல்

பறக்கும் பூச்சிக்குச் சாலை ஒரு கோடு மட்டுமே. பறவாத வண்டுக்கு அது மதில். செருமனியில் மாடர் என்பார் காட்டுத் தரைவண்டுகளைக் குறியிட்டு விடுத்து மேற்கொண்ட ஆய்வு (1984), அவை சாலைகளைக் கடப்பது மிக அரிது எனக் காட்டியது. ஒரு துண்டு நிலத்தில் வறட்சியாலோ பூச்சிக்கொல்லியாலோ வண்டுகள் அழிந்துபடின், பறக்கும் இனங்கள் மீண்டும் வந்து குடியேறும். பறவாதவை நிலத்தொடர்ச்சி இன்றி வருதல் அரிது. சமயநல்லூர் போன்ற பகுதிகளில் சாலை, இருப்புப்பாதை, வீட்டுமனை ஆகியவற்றுக்கிடையே எஞ்சும் புதர்த்துண்டுகள் ஒவ்வொன்றும் இவ்வுயிருக்குத் தனித்தீவாகக் கூடும். டார்வினின் தீவு விளக்கம் பொருந்தாத சமவெளியில் மனிதச் செயல் புதிய தீவுகளை உண்டாக்குகிறது.

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு முதன்மையாகச் சுட்டப்பட்டவை வல்லூறு முதலான பறவைகளும், தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு போன்ற உயிர்களுமாகும். அவற்றுக்கு ஒதுக்கப்படும் இடம் தரைவாழ் பூச்சிகளுக்கும் அரணாகும். எனினும் தலங்களை இணைக்கும் புதர்வழிகள் இல்லையேல் பறவாத உயிர்களுக்குப் பயன் முழுமையாகாது.

முடிவுரை

அறுபுள்ளித் தரைவண்டின் இணைந்த முன்னிறகுகள் குறைபாடல்ல. நீரையும் ஆற்றலையும் காக்கும் தகவமைப்பே. நிலம் தொடர்ச்சியாக இருக்கும் என்னும் நிபந்தனையின்மேல் அமைந்தது அத்தகவமைப்பு. வரப்போரப் புதர்கள், குன்றடிவாரத் தரிசுகள், கண்மாய்க்கரைகள் ஆகியன பயனற்ற நிலங்களாக எண்ணப்படுகின்றன. நடந்தே வாழும் உயிர்களுக்கு அவையே வழித்தடங்கள். ஊர்தோறும் தயாரிக்கப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளில் தரைவண்டுகளையும் அவற்றின் வாழிடங்களையும் சேர்த்தல், அவ்வழித்தடங்களைக் காப்பதற்கான முதற்படியாகும்.