உங்களுக்குத் தெரியுமா? கீழ்முதுகு அதிகம் திரும்பாது!
பாயில் மல்லாந்து படுத்து, மடக்கிய முழங்கால்களை ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது கீழ்முதுகை நன்றாக முறுக்குகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அங்குள்ள 5 முள்ளெலும்புகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 2 டிகிரிதான் திரும்பும். அவற்றின் பின்புறச் சிறுமூட்டுகள் குனியவும் நிமிரவும் வழிவிடும். சுழற்சிக்கோ தாழ்ப்பாள் போட்டுவிடும். முறுக்கின் பெரும்பங்கு, விலா எலும்புகள் பொருந்திய 12 மார்பு முள்ளெலும்புகளிலும் பந்துக்கிண்ண அமைப்புள்ள இடுப்பு மூட்டுகளிலும்தான் நடக்கிறது.

முழங்கால்களைச் சாய்க்கும்போது எதிர்ப்பக்கத் தோள் தரையை விட்டு எழும்புகிறதா? முழங்காலை அமுக்காதீர்கள் (பயிற்சியாளர் அமுக்க வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்). முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, நாலைந்து முறை நிதானமாக மூச்சு விட்டால் போதும். கால் மரத்துப்போனாலோ சுரீரென்று வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.