ஈயக் குண்டையும் காற்று தள்ளுமா?

மாலையில் லயத்து வாசலில் பூப்பந்து ஆடியிருப்பீர்கள். கோட்டுக்குள் விழ வேண்டிய பந்து, காற்று அடித்தால் பக்கத்து வீட்டு வேலியில் போய் விழும். இறகுப் பந்துதானே என்போம். ஈயக் குண்டைக் காற்று என்ன செய்துவிடும்?

ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சுபாங் சுடுகளத்தில் 50 மீட்டர் 'பாயிண்ட் டூ டூ' துப்பாக்கி பழகுகிறான். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முகம் வாடி வந்தான். "குறி சரியாகத்தான் வைக்கிறேன் சார். குண்டெல்லாம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே போய் விழுகிறது. துப்பாக்கியை மாற்றப் போகிறேன்" என்றான்.

"கொடி எந்தப் பக்கம் ஆடியது?" என்று கேட்டேன். அவன் கொடியையே பார்க்கவில்லை!

அந்தக் குண்டு வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 50 மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள், வினாடிக்கு நாலைந்து மீட்டர் வேகமுள்ள பக்கக் காற்று அதைச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிவிடும். நம் மரக்கிளைகளை லேசாக ஆட்டும் காற்றுதான் அது. பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவோ 10.4 மில்லிமீட்டர். பத்து வர வேண்டிய இடத்தில் எட்டு வரும்.

காரணத்தைக் கேளுங்கள். குண்டின் மூக்கு, தன்மேல் வந்து மோதும் காற்றை நோக்கிச் சற்றே திரும்பிக்கொள்கிறது. அப்போது நேர் பின்னால் இழுக்க வேண்டிய காற்றுத்தடை, கொஞ்சம் பக்கவாட்டிலும் இழுக்கிறது. ஆகவே பறக்கும்போது அதிக வேகத்தை இழக்கும் குண்டுதான் அதிகம் விலகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒலியை மிஞ்சும் வேகத்தில் கிளம்பும் 'பாயிண்ட் டூ டூ' குண்டு வழியில் வேகத்தை மளமளவென்று இழப்பதால், மெதுவான போட்டிக் குண்டைவிட அதிகமாக விலகும்! வேகம் கூடினால் காற்றை வெல்லலாம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

மேலே ஏறியதற்கும் காரணம் உண்டு. குழலின் உள்ளே வெட்டிய புரிகள் குண்டை வலஞ்சுழியாகச் சுழற்றுகின்றன. வலப்புறமிருந்து காற்று வந்தால் சுழலும் குண்டு இடப்பக்கம் சாய்வதோடு சற்று மேலும் ஏறும். இடப்புறமிருந்து வந்தால் வலப்பக்கம், சற்றுக் கீழே. துப்பாக்கியில் ஒரு பழுதும் இல்லை.

களத்தில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சிறு கொடிகள் நடுவார்கள். முன் கொடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே திசை மாறிய குண்டு, மீதி தூரம் முழுவதும் விலகிக்கொண்டே போகும்.

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டின் துப்பாக்கிப் போட்டிகள் லங்காவியில் நடந்தன. அங்கே 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றவர், சென்னையில் படித்த ரூபா உன்னிகிருஷ்ணன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகச் சுட்ட நம் நூர் சுரியானிக்குக் காற்றுக் கவலை இல்லை. அவருடைய 10 மீட்டர்ப் போட்டி கூடத்துக்குள்ளே நடப்பது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றுத் துப்பாக்கியானாலும் நம் நாட்டில் உரிமம் வேண்டும். பிள்ளை ஆசைப்பட்டால் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

மாணவன் துப்பாக்கியை மாற்றவில்லை. முதல் குண்டு விட்டபோது கொடி எப்படி நின்றதோ, அதே நிலைக்கு அது திரும்பும் வரை விசையிலிருந்து விரலை எடுத்துக் காத்திருக்கப் பழகுகிறான்.