வரைபை நம்புமுன் உறுதி வேண்டும்

ஏறிவந்த பங்கொன்றின் விலை வரைபில் 'தலையும் தோள்களும்' எனும் உருவம் தென்பட்டதுமே, சரிவு நிச்சயமென அஞ்சி விற்றுவிடுவோர் பலர். நடுமுகடு உயர்ந்தும் இருபுற முகடுகள் தாழ்ந்தும் நிற்பதே இவ்வுருவம். ஆயினும், இடையிலுள்ள இரு தாழ்வுகளை இணைக்கும் 'கழுத்துக்கோடு' உடைபடும்வரை அது வெறும் ஊகமே. 1948 இல் வெளிவந்த தமது நூலில் அமெரிக்கர்களான எட்வர்ட்ஸும் மகீயும், நாளிறுதி விலை அக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம் கீழிறங்குவதையே உறுதிப்பாடாகக் கொண்டனர். கோடு 100 ரூபாவிலிருப்பின், 97 ரூபாவரை பொறுத்திருக்க வேண்டும். அப்பொறுமையின் விலை 3 ரூபா. அவசரத்தின் விலையோ, மீண்டெழும் பங்கைக் கைநழுவ விடுவதாகும். அன்றாடம் சொற்பப் பங்குகளே கைமாறும் கம்பனிகளைக் கொண்ட கொழும்புச் சந்தையில், சிறு விற்பனையொன்றும் வரைபை வளைத்துவிடும். உறுதிப்பாடும் உத்தரவாதமன்று, எனினும், சிறுசேமிப்பாளருக்கு அதுவே குறைந்தபட்சக் காவல் என்பது எமது கருத்தாகும்.