மைனஸைப் பார்த்து ஏன் பாஸ் மிரளணும்?

கேம்பஸ் இன்டர்வியூ. ஆப்டிட்யூட் பேப்பர்ல இப்படி ஒரு கணக்கு: ‘குளிர்பதன அறையின் வெப்பநிலை இப்போது -4 டிகிரி. மணிக்கு 2 டிகிரி வீதம் சீராகக் குறைந்து வருகிறது. 6 டிகிரியாக இருந்தது எப்போது?’

6-லேர்ந்து 4-ஐக் கழிச்சு, 2-ஆல் வகுத்து, ‘1 மணி நேரம் முன்பு’ன்னு டிக் அடிச்சீங்களா? அவுட்! அந்த ஆப்ஷனை உங்களுக்காகவே ரெடியா வெச்சிருப்பாங்க. சில தேர்வுகள்ல தப்புக்கு நெகட்டிவ் மார்க் வேற.

கணக்குல கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தை முடிவு பண்ணுங்க. பூஜ்யம் எது? பிளஸ் எந்தப் பக்கம்? இங்கே நேரத்துக்குப் பூஜ்யம், ‘இப்போ’. இனி வரப்போறது பிளஸ், போனது மைனஸ். வெப்பநிலை குறையுது, அதனால வீதம் -2. நேரத்தை ‘ந’ன்னு வெச்சா,

-4 + (-2 × ந) = 6
-2 × ந = 10
ந = -5

‘நேரம் எப்படிங்க மைனஸ்ல வரும்? எங்கேயோ சொதப்பிட்டோம்’னு அதை அடிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்காதீங்க. சொதப்பவே இல்லை! மைனஸ் 5-ன்னா, 5 மணி நேரத்துக்கு முன்னாடி. சரிபார்த்துடலாமா? மணிக்கு 2 டிகிரி இறங்குற ரூம்ல 5 மணி நேரம் பின்னாடி போனா, 10 டிகிரி ஏறணும். (-2) × (-5) = +10. மைனஸ் 4-ல 10 ஏறினா 6. ஸ்கூல்ல ‘மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்’னு மனப்பாடம் பண்ணினோமே, அதோட மேட்டர் இவ்ளோதான். இறங்குற படத்தை ரிவர்ஸ்ல ஓட்டினா ஏறும்! பிளஸை சொத்துன்னும் மைனஸைக் கடன்னும் சொல்லி, கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர் இந்த விதியை எழுதி வெச்சுட்டார்.

டேங்க் கணக்கும் இதே குடும்பம்தான். மோட்டார் 12 மணி நேரத்துல நிரப்பும், ஓட்டை 18 மணி நேரத்துல காலி பண்ணும். ஓட்டைக்கு மைனஸ் போடுங்க: 1/12 - 1/18 = 1/36. ஆக, நிரம்ப 36 மணி நேரம். (ஹாஸ்டல் டேங்க்னா அதுக்குள்ள ரெண்டு பேட்ச் குளிச்சு முடிச்சிருக்கும்!)

பேப்பருக்கு வெளியே ஒரு உதாரணம் வேணுமா? விமானத் துறையில பயன்படுத்துற திட்ட வளிமண்டலக் கணக்குப்படி, கடல்மட்டத்துல 15 டிகிரி. அங்கேர்ந்து 11 கிலோமீட்டர் வரைக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும். உச்சியில 15 + (-6.5 × 11) = -56.5 டிகிரி. 0 டிகிரி எந்த உயரத்துல? 15-ஐ 6.5-ஆல் வகுங்க, ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர்.

‘சென்னையில ஏது பாஸ் 15 டிகிரி’ன்னு சண்டைக்கு வராதீங்க, அது உலகத்துக்கே பொதுவா வெச்ச ஒரு மாடல். தரையில 32-ன்னு மாத்திப் போட்டுப் பாருங்க. பூஜ்யம் எங்கே போய் நிக்குதுன்னு தெரியும்!