ஆசைக்கு ஒரு பழைய ஜீப்: பணம் கொடுக்கும் முன் முன்சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் சாலையோரம் நின்றால் ஜீப் சத்தம்தான் முதலில் காதில் விழும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் கேரள மலைக்கு ஏறும் வண்டிகள். அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்ததாலோ என்னவோ, நாற்பது வயதைத் தாண்டியதும் எனக்கும் ஒரு ஜீப் ஆசை வந்தது. தோப்பு வேலைக்கு டிராக்டர் இருக்கிறது. ஊருக்குள் போய்வர டூவீலர் இருக்கிறது. தேவை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆசைதான்.

முதல் வண்டியில் ஏமாந்தேன். "ஃபோர் வீல் வண்டி, மலையே ஏறும்" என்று புரோக்கர் சொன்னார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் இருந்தன, இரண்டும் முன்னும் பின்னும் நகர்ந்தன. நம்பிவிட்டேன். ஐப்பசி மழையில் தோப்புக்குப் போகும் ஓடை மணலில் இறங்கியபோது பின்சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டியது. முன்சக்கரம் அசையவே இல்லை. டிராக்டரைக் கட்டி இழுத்து வெளியே எடுத்தோம். மெக்கானிக் அண்ணன் முன்பக்கக் கிரவுன் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கிரவுனும் இல்லை, பினியனும் இல்லை. வெறும் கூடு. அந்த வருஷம் தேங்காய் விற்ற காசில் பாதி அந்தக் கூட்டுக்குள் போயிருந்தது.

மழை ஓய்ந்ததும் இப்படிப்பட்ட ஆசை பலருக்கு வரும். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வயலுக்கென்று வந்த வண்டி

ஜீப் என்றால் பட்டாளத்து வண்டி என்றுதான் நினைக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. 1940-ல் அமெரிக்க ராணுவம் கேட்டதற்கு பான்டம் என்ற சின்ன கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைச் செய்தன. 1945-ல் போர் முடிந்ததும், இவ்வளவு பெரிய தொழிற்சாலையை வைத்துக்கொண்டு யாருக்கு விற்பது என்ற கேள்வி வில்லீஸுக்கு வந்தது. அவர்கள் கண்ணில் பட்டவர்கள் விவசாயிகள்.

ஓஹியோ மாநிலத்தின் டொலிடோ நகரில் அந்த ஆண்டே சிஜே-2ஏ என்ற வண்டியைச் செய்தார்கள். சிஜே என்றால் சிவிலியன் ஜீப். ராணுவ வண்டியில் இல்லாத பின்கதவை இதில் வைத்தார்கள். பின்னால் கொக்கி, விரும்பினால் பிடிஓ, பெல்ட் ஓட்ட ஒரு புல்லி. காலையில் உழவு, மதியம் அறுப்பு மிஷினுக்கு பெல்ட், சாயங்காலம் சந்தைக்குச் சரக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சர்ச். எல்லாம் ஒரே வண்டியில் என்று விளம்பரம் செய்தார்கள். நான்கு ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் மேல் விற்றது.

உழவு விஷயத்தில் அது டிராக்டரை ஜெயிக்கவில்லை. ஒரு டன் எடையுள்ள வண்டி கலப்பையை எவ்வளவு ஆழம் இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மற்ற எல்லா வேலைக்கும் அது பண்ணையில் நின்றுவிட்டது.

இதைப் பார்த்து டிராக்டர் கம்பெனி ஒன்றும் களத்தில் இறங்கியது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். நம் அப்பாக்கள் ஓட்டிய பி-275 டிராக்டர் அவர்களுடைய வடிவம்தான். 1963-ல் மஹிந்திராவுடனும் வோல்டாஸுடனும் கூட்டுச் சேர்ந்து இங்கே செய்தார்கள். அதே கம்பெனி அமெரிக்காவில் 1961 மாடலாக ஸ்கவுட் என்ற நான்கு சக்கர இழுவை வண்டியை விட்டது. தங்களிடம் இருந்த எட்டு சிலிண்டர் வி-8 என்ஜினில் பாதியை வெட்டி எடுத்தது போல நான்கு சிலிண்டர் என்ஜின் செய்து அதில் வைத்தார்கள். பண்ணைக்காரன் புத்தி! 1980 வரை ஸ்கவுட் வந்தது. இன்று அங்கே சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அதை இங்கே இறக்குமதி செய்யும் யோசனை வேண்டாம். வரியும் விதிகளும் நம் கைக்கு எட்டாது.

நமக்கு எட்டுவது மஹிந்திரா செய்த வில்லீஸ் வடிவங்கள். 1940-களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களைப் பம்பாயில் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே செய்தார்கள். நாம் அதிகம் பார்ப்பது சிஜே-3பி. பானட் உயரமாக இருக்கும். காரணம் உள்ளே இருக்கும் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின். இதில் காற்றும் பெட்ரோலும் போகும் வால்வு மேலே ஹெட்டில், புகை போகும் வால்வு கீழே பிளாக்கில். என்ஜின் உயர்ந்ததால் பானட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் அதற்குப் பிறகும் வெகுகாலம் வந்துகொண்டிருந்தது.

இன்னொரு அபூர்வமும் உண்டு. எஃப்சி-150, எஃப்சி-160 என்று மூக்கே இல்லாமல், டிரைவர் என்ஜினுக்கு மேல் உட்கார்ந்து ஓட்டும் ஜீப். பார்த்தால் விட மனம் வராது. எங்காவது தோட்டத்தில் மரத்தடியில் கிடந்தால் மலிவாகக்கூடக் கிடைக்கும். ஆனால் முன் கண்ணாடியும் கேபின் தகடும் தேடி அலுத்துவிடுவீர்கள். முதல் வண்டியாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

"சண்டையில் ஓடின ஒரிஜினல் வில்லீஸ் சார்" என்று யாராவது சொன்னால் முன்பக்க கிரில்லில் உள்ள சந்துகளை எண்ணுங்கள். போர்க்கால வண்டிக்கு ஒன்பது. சிவிலியன் ஜீப்புக்கு ஏழு. விலையில் பெரிய வித்தியாசம் இந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

பார்க்க வேண்டிய இடம்

வண்டியைப் பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஒரு ஜாக்கியும் சாக்குப் பையும் எடுத்துக்கொண்டு போய் அடியில் படுங்கள்.

முதலில் என்னை ஏமாற்றிய விஷயம். என்ஜினை நிறுத்திவிட்டு, ஃபோர் வீல் கம்பியைப் போட்டு, வண்டியை முதல் கியரில் விடுங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடி நின்றுவிட வேண்டும். சுதந்திரமாகச் சுற்றினால் உள்ளே ஏதோ இல்லை என்று அர்த்தம். சக்கர நடுவில் திருகி மாற்றும் ஹப் இருந்தால் அதை முதலில் லாக் செய்துவிட்டுப் பாருங்கள். மறுபக்கச் சக்கரத்துக்கும் இதையே செய்யுங்கள். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்ய விடாத ஆளிடம் வண்டி வாங்காதீர்கள்.

அடுத்து சேசிஸ். ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடங்களையும் குறுக்குச் சட்டங்களையும் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு மணி போலச் சத்தம் தரும். துரு தின்ற இடம் 'டப்' என்று கேட்கும். தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கறுப்பு பெயின்ட் பூசியிருந்தால் விரலால் தடவினாலே மேடு தெரியும். பாடித் தகடு துருப்பிடித்திருந்தால் கவலை இல்லை, டிங்கரிங்கில் சரியாகும். சேசிஸ் போனால் வண்டி போனதுதான்.

முன்சக்கரத்தின் உள்பக்கம் உருண்டையான இரும்புக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதிலிருந்து கிரீஸ் வழிந்தால் சீல் போயிருக்கிறது. அது சின்னச் செலவு. ஆனால் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லூஸாக இருந்தால், கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டி ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறும். நான் ஒருமுறை அனுபவித்தேன். மறுபடி அதை அனுபவிக்க ஆசையில்லை.

கியர்பாக்ஸில் முன்னோக்கி மூன்றே கியர். முதல் கியர் வண்டி நின்றபிறகுதான் சத்தமில்லாமல் விழும், அது பழுது இல்லை. இரண்டாவது கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்றால் அது பழுது. கியர்பாக்ஸ் ஆயில் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இறங்கிவிடும் வியாதியும் உண்டு. ஒன்றில் குறைந்து மற்றதில் நிறைந்திருக்கும். இரண்டு மூடியையும் திறந்து பாருங்கள்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. நான்கு சக்கரத்துக்கும் டிரம், பூஸ்டர் கிடையாது, நான்குக்கும் ஒரே லைன். எங்காவது ஒரு குழாய் ஓட்டையானால் நான்கும் போகும். மலைப் பாதையில் இறங்கப் போகிறவர் மாஸ்டர் சிலிண்டரையும் எல்லாக் குழாய்களையும் வாங்கிய வாரமே புதிதாக மாற்ற வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

டீசல் வண்டியாக இருந்தால் ஒரு நல்ல செய்தி. சில ஜீப்புகளில் இருப்பது இன்டர்நேஷனல் டிராக்டர் என்ஜின் வழியில் வந்த டீசல் என்ஜின். உங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக்குக் கைப்பழக்கம் இருக்கும். பெஜோ டீசல் போட்டவை ஓட மென்மையானவை. பாகம் தேட அலைய வேண்டும்.

காகிதம்

என் இரண்டாவது வண்டியை வாங்க மூன்று மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் காகிதத்துக்கே போனது.

ஆர்சி புக்கில் உள்ள சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போக வேண்டும். பழைய ஜீப்பில் இது அபூர்வம். பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் போட்டிருப்பார்கள், புத்தகத்தில் பெட்ரோல் என்றே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. என்ஜின் மாற்ற ஆர்டிஓவின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும். அகல டயர், புது பாடி என்று பளபளப்பாகச் செய்து வெளி மாநிலத்திலிருந்து லாரியில் வரும் ஜீப்புகளில் பலவற்றுக்கு இந்தச் சிக்கல் உண்டு.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. புதுப்பிக்காமல் விட்ட வண்டி என்றால், எவ்வளவு பாக்கி என்பதை விலை பேசும் முன்பே ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிடுங்கள். வண்டியில் பழைய கடன் இருந்தால் ஆர்சியில் அது நிற்கும். நீக்கித் தரச் சொல்லுங்கள்.

ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம் மாதிரிக் காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் தோப்புக்கு ஓட்ட முடியாது. நமக்குச் சாதாரணப் பதிவுதான் சரி.

வாங்கிய பிறகு

செலவைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். வாங்கிய விலைக்குச் சமமாக இன்னொரு பங்கு முதல் இரண்டு வருஷத்தில் போனது. பெட்ரோல் என்ஜின் எனக்கு லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஓஸையும் பம்ப் டயாபிரத்தையும் இளக்கிவிடுகிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் டேங்க் என்பதால் ஓஸில் ஒரு கசிவும் இருக்கக் கூடாது. பயிர்க்கடன் வாங்கி இதில் போடுகிறவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து வேண்டாம்.

ஃபோர் வீலைத் தார்ச் சாலையில் போடாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுவதால், திரும்பும்போது பல் உடையும். சேறு, மணல், ஈரப் புல், ஏற்றம், அங்கே மட்டும்தான். லோ கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் மனிதன் நடக்கும் வேகத்தில் தானே ஊர்ந்து போகும். அந்த ஒரு சுகத்துக்காகத்தான் நான் வாங்கினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

வீட்டுப் பிள்ளைகள் மட்கார்டில் ஏறி உட்காரக் கேட்பார்கள். நான் விடுவதில்லை. பின் சீட்டில் பெல்ட் இல்லாததால் தோப்பு எல்லையைத் தாண்டி அவர்களை ஏற்றுவதும் இல்லை. குட்டை வண்டி, திருப்பத்தில் வேகமாக ஒடித்தால் கவிழும்.

ஏமாந்த அந்த முதல் ஜீப்பை யார் தலையிலும் கட்டவில்லை. பதிவை ஆர்டிஓவில் ரத்து செய்துவிட்டு, மோட்டார் ரூமுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். ஸ்பிரிங் பட்டை, ரேடியேட்டர், கார்புரேட்டர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று இரண்டாவது வண்டிக்கு வந்துவிட்டன. போன மாதம் ஸ்டார்ட்டரும் வந்தது. முன்பக்கக் கிரவுன் கூடு மட்டும் அப்படியே கிடக்கிறது. கோழி ஒன்று அதன் பக்கத்தில் முட்டையிடுகிறது.